மே பதினெட்டாம் தேதிப் படம்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவரான பிரிவுத் தலைவர்கூட “அக்கா பாத்தாச்சா?” என்றுதான் கேட்பார். முதலில் அப்படிக் கூப்பிட்டது அவருடைய சொந்தத் தங்கை. அவள் இங்கே ஆராய்ச்சியாளராக இருந்தாள். இரண்டு அறை தள்ளி உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க அங்கிருந்தே “அக்கா, அக்கா” என்று குரல் கொடுப்பாள். கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

நான் அக்காவுக்குப் பக்கத்து மேசை. தொலைநோக்கிகளிலிருந்து வரும் படங்களை வாங்கி, தேதி சரிபார்த்து, கணினியில் அடுக்கிவைப்பது என் வேலை. தங்கை எனக்குக் ‘கிடங்கு’ என்று பெயர் வைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பான், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அக்கா படித்து வந்த விஞ்ஞானி இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவர். டாக்டர்கள் தவறவிடுகிற முடியளவு விரிசலை அவர் விரல் வைத்துக் காட்டுவார் என்று பேர். அந்த மருத்துவமனையை மூடியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் உட்கார்ந்து சன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவரைத் தங்கைதான் இங்கே இழுத்து வந்தாள். நட்சத்திரம் என்றால் வானத்தில் மினுக்குவது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாதே என்று அக்கா தயங்கினாராம். உனக்கு எலும்பைப் பற்றி மட்டும் என்ன தெரியும், கோடு எங்கே மாறுகிறது என்றுதானே பார்த்தாய், இங்கேயும் அதுதான் வேலை என்றாளாம் தங்கை. எலும்பைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டாளே என்று அக்கா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலையில் சேர்ந்தார்.

அவர் பார்த்த படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வானத்தில் சில இடங்களில் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டத்தின் எடை கொஞ்சநஞ்சமல்ல. அதற்கும் வெகு பின்னால் இருக்கிற ஒரு கேலக்ஸியின் வெளிச்சம் இந்தக் கூட்டத்தைக் கடந்து வரும்போது, அந்த ஈர்ப்பில் வளைந்துவிடுகிறது. மூக்குக் கண்ணாடியின் வில்லை செய்கிற வேலையை அந்தக் கூட்டம் செய்கிறது. மற்றபடி எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத மங்கலான கேலக்ஸி, பெரிதாகி, பளிச்சென்றாகி, நகக்கீறல் போல வளைந்த கோடாகத் தெரியும். சில சமயம் ஒரே கேலக்ஸி மூன்று இடத்தில் தெரியும். எந்தக் கீறல் எந்தக் கீறலோடு சேர்ந்தது என்று கண்டுபிடித்தால், கூட்டத்தின் எடை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அந்தக் கணக்கு சரியாக இருந்தால், பின்னால் இருக்கும் கேலக்ஸியின் நிஜ உருவத்தையே திரும்ப வரைந்துவிடலாம். கீறலைத் தேடிப் பிடிப்பது அக்கா. கணக்கு தங்கை.

இருவருக்கும் பதினொரு வயது வித்தியாசம். தங்கைக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார். அப்பா மர அறுவை மில்லில் வேலை, வீட்டுக்கு வருவது தூங்க மட்டும். தலை பின்னிவிட்டதும், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டதும், ஜுரம் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் அக்காதான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, “நேரம் கிடைக்கல” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். தங்கைக்கு அவரே முன்னின்று கல்யாணம் செய்து வைத்தார். மாப்பிள்ளை பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று நாளெல்லாம் எழுதுகிற மனிதர். வீட்டிலும் பால்காரர் வந்த நேரத்தைக் குறித்து வைப்பார். தங்கை அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்.

நான் சொல்லவந்த விஷயம் ஏழு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. அக்கா பார்த்துவந்த ஒரு கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கேலக்ஸி மூன்று இடத்தில் தெரிந்தது. ஒரு நாள் அதில் முதல் உருவத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி. அந்தக் கேலக்ஸியில் ஏதோ ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. நாற்பது நாள் கழித்து இரண்டாவது உருவத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. மூன்றாவதில் வரவில்லை. அங்கே வர வருஷக்கணக்காகும் என்றாள் தங்கை.

ஒரே வெடிப்பு எப்படி மூன்று வெவ்வேறு நாளில் வரும் என்று அக்காவுக்குக் குழப்பம். மாப்பிள்ளைதான் சாப்பாட்டு மேசையில் விளக்கினாராம். ஒரே டிப்போவிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று வண்டி கிளம்புகிறது, ஒன்று நேர்வழி, ஒன்று மேம்பாலத்து வழி, ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது, மூன்றாவது வண்டி எப்போது வரும் என்று பாதையின் நீளமும் ஏற்றமும் தெரிந்தால் சொல்லிவிடலாம். “அவ்வளவுதானா? இதுக்கா நீ இத்தனை வருஷம் படிச்ச?” என்று அக்கா தங்கையைக் கேட்டதை அவளே எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தாள்.

அந்த மூன்றாவது வண்டியைத்தான் உலகத்தில் மூன்று குழுக்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. மற்ற இரண்டு குழுக்களின் கணக்கும் ஒரே பக்கம் விழுந்தது: முதல் புள்ளி தெரிந்து ஆறு வருஷம் கழித்து, ஒரு வருஷக் கடைசியில். தங்கையின் கணக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. அதை மாற்றியது அக்காவின் கண்.

மூன்றாவது உருவத்துக்குப் பக்கத்தில் கூட்டத்தின் பெரிய கேலக்ஸி ஒன்று கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சத்தோடு நிற்கும். அந்த வெளிச்சத்துக்குள்ளே, அதன் இடது கீழ்ப்பக்கம், மங்கலாக இன்னொரு சின்னக் கேலக்ஸி இருக்கிறது என்றார் அக்கா. கணினி நிரல் அதை அழுக்கு என்று தள்ளிவிட்டிருந்தது. அக்கா பழைய படங்களை என்னிடம் கேட்டு வாங்கி, பதினொரு படத்தில் அதே இடத்தில் அதைக் குறித்துக் காட்டினார். இது அழுக்கு இல்லை, அழுக்கு இடம் மாறும் என்றார். தங்கை ஒரு வாரம் அவரோடு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அந்தச் சின்னதன் எடையையும் கணக்கில் சேர்த்தாள். தேதி ஒன்றரை வருஷம் முன்னால் வந்துவிட்டது. ஏப்ரலிலிருந்து ஜூன் கடைசிக்குள், நடுவே மே பதினொன்று.

அந்தக் கணக்கை அவள் அலுவலகக் கூட்டத்தில் வைத்தபோது நானும் இருந்தேன். தலைவருக்குச் சங்கடம். வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், இதற்கு உங்கள் அக்காவின் கண் மட்டும்தானே சாட்சி என்று. தங்கை யோசிக்கவே இல்லை.

“ஆமா. எனக்கு அது போதும்” என்றாள்.

அக்கா அப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு படம் எடுப்பது, அக்கா பார்ப்பது. புள்ளி கண்ணில் பட்டால் அதை விரிவாக அளப்பதற்காக, ஆகஸ்டில் ஒரு பெரிய தொலைநோக்கியில் தலைவர் நான்கு நாள் பிடித்து வைத்தார். பெரிய கேலக்ஸியின் வெளிச்சத்தில் நிரல் ஏமாந்துபோகிற இடம் அது. மனிதக் கண்தான் வேண்டும்.

அந்த மே மாதத்துக்கு முந்தின ஜனவரியில் தங்கைக்கு முதுகு வலித்தது. நாற்காலியை மாற்றினாள். பிறகு தலையணையை மாற்றினாள். பிப்ரவரியில் கணையத்தில் கட்டி என்றார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று டாக்டர் படத்தைக் காட்டிப் பேசத் தொடங்குவதற்குள், அக்கா அதைப் பார்த்துவிட்டிருந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மார்ச் வரை தங்கை இடையிடையே அலுவலகம் வந்தாள். ஏப்ரல் நடுவில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பகலில் அக்கா, மாலையிலிருந்து மாப்பிள்ளை என்று முறை வைத்துக்கொண்டார்கள். அக்கா போவதற்கு முன் என் மேசைக்கு வந்து, ரெண்டு வாரத்துல ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிடறேன் தம்பி என்றார். ஆனால் வரவில்லை.

படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஏப்ரல் இருபது, மே நான்கு, மே பதினெட்டு. யாரும் திறக்காத படத்தின் பெயர் பட்டியலில் தடித்த எழுத்தில் தெரியும். நான் தினமும் அந்தப் பட்டியலைப் பார்க்கிறவன். தடித்த வரிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். தலைவர் இரண்டு முறை கேட்டார். அக்கா வந்து பாப்பாங்க என்று இரண்டு முறையும் நானே பதில் சொன்னேன். அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். ஒரு சுட்டியைத் தட்டி நானே திறந்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஜூன் பதினைந்தாம் தேதிப் படத்தில் அந்தப் புள்ளியைப் பார்க்க அக்காவின் கண் தேவையில்லை, யார் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். என் வேலை அடுக்கி வைப்பது, நான் அடுக்கி வைத்தேன்.

மருத்துவமனையில் நடந்ததை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னார்.

மே மாதம் ஒரு நாள் தங்கை, நீ ஆபீஸ் போறதே இல்லையா, எனக்காக வேலையை விட்டுடாதே என்று கோபித்துக்கொண்டாளாம். இங்கே வருமுன் போய்விட்டுத்தான் வருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். பார்த்தாயா என்றாள். பார்த்தேன், இன்னும் இல்லை என்றார். அவளை அமைதிப்படுத்தச் சொன்ன ஒரு சின்னப் பொய். ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில் அவள் மறுபடி கேட்டாள். அதற்கு அடுத்த இரண்டு வாரத்திலும் கேட்டாள். தேதிகளை அவள் மறக்கவே இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டதால் அக்கா அதையே திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருநாள் நிஜமாகவே போய்ப் பார்த்துவிடலாம் என்று பஸ் நிறுத்தம் வரை போனாராம். வண்டி வந்தது, ஏறவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி காலை தங்கையைத் துடைத்து, சட்டை மாற்றிவிட்டு, தலையணையைச் சாய்த்து வைத்தபோது அவள் கேட்டாள்.

“இன்னைக்கு ஜூன் முடியுதுல்ல?”

“ஆமாண்டி.”

“நேத்து படம் வந்திருக்குமே. பாத்தியா?”

“பாத்தேன்.”

“நல்லா பாத்தியா? பெரிசுக்குக் கீழ, இடது பக்கம்.”

“பாத்தேன்டி. ஒண்ணும் இல்ல.”

 “அப்ப அந்தச் சின்னது அழுக்குதான் போலக்கா” என்றாள். குரலில் கோபம் இல்லை. அக்காவைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள்.

மறுநாள் அவள் சொல்லச்சொல்ல மாப்பிள்ளை தட்டிய மின்னஞ்சல் தலைவருக்கு வந்தது. என் தேதி கடந்துவிட்டது, அந்தச் சின்னக் கேலக்ஸியைச் சேர்த்தது என் தவறு, மற்றவர்கள் கணக்கே சரி, ஆகஸ்டில் பிடித்து வைத்த நாட்களை வீணாக்காமல் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று இருந்தது. தலைவர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அறைக்குள்ளேயே இருந்தார். பிறகு நாட்களைத் திருப்பிக் கொடுத்தார். ஜூலை ஒன்பது, பிற்பகல் மூன்றேகால் மணிக்குத் தங்கை போனாள். நாற்பத்தோரு வயது.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி அக்கா வேலைக்கு வந்தார். எப்போதும்போல மேசையைத் துடைத்தார். தண்ணீர் பாட்டிலை வலது பக்கம் வைத்தார். எங்கள் யாரையும் ஆறுதல் சொல்லவிடாமல், பட்டியலைத் திறந்தார். ஏழு தடித்த வரிகள்.

நான் என் திரையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். சுட்டியின் டக் டக் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி ஒரு டக். மறுபடி நின்றது. அவர் முன்னும் பின்னுமாக இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. 

“தம்பி, இங்க வாங்க.”

போனேன். திரையில் பெரிய கேலக்ஸியின் வெளிச்சம், அதன் கீழே இடது பக்கம் வளைந்த கீறல், கீறலின் ஓரத்தில் ஒரு புள்ளி.

“இது எந்தத் தேதிப் படம்?”

தேதி மூலையிலேயே எழுதியிருந்தது. நான் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார் என்று புரிந்தது.

“மே பதினெட்டு.”

“தேதி தப்பா போட்டிருப்பீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

என் இருபது வருஷ வேலையில், தப்பு செய்திருக்க மாட்டோமா என்று நான் ஏங்கியது அந்த ஒருமுறைதான்.

“இல்லக்கா. சரியான தேதிதான்.”

அவர் அழவில்லை. பொய் சொன்ன நாட்களை வரிசையாகச் சொன்னார், யாரோ கொடுத்த பட்டியலைப் படிப்பதுபோல. கடைசியில், “நேரம் இல்லாததால போகாம இருக்கல தம்பி” என்றார். “இருக்காதுன்னு நெனச்சேன். அத்தனை பேரு சொன்னாங்க, நானும் அவ கணக்கு தப்புன்னு நெனச்சிட்டேன். போய்ப் பாத்து, இல்லன்னு என் கண்ணால தெரிஞ்சுக்கிட்டு, அத அவகிட்ட வந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.” பிறகு, “அவ என் கண்ண நம்பினா. நான் நம்பல” என்றார்.

அன்று மதியம் தலைவர் அறையில் என்ன நடந்தது என்று விவரிக்க எனக்கு விருப்பமில்லை. வயதான மனிதர் ஒருவர் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆகஸ்ட் நாட்கள் கையை விட்டுப் போய்விட்டன. கெஞ்சிக் கூத்தாடி வேறோர் இடத்தில் ஒன்றரை மணி நேரம் வாங்கினார். ஏழு படங்களையும் வைத்துப் பார்த்ததில் வெளிச்சம் முதலில் வந்து சேர்ந்தது மே பதிமூன்று என்று தெரிந்தது. தங்கை சொன்னதற்கு இரண்டு நாள் தள்ளி. ஒன்றரை மாதம் முன்பின் ஆகலாம் என்று எழுதியவள் அவள். இரண்டு நாளில் வந்து விழுந்தது பாதி அதிர்ஷ்டம் என்று அவளே முதல் ஆளாகச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தச் சின்னக் கேலக்ஸி அதிர்ஷ்டம் இல்லை. அது அங்கேதான் இருந்தது.

கட்டுரை தங்கையின் பெயரை முதலில் போட்டு எழுதப்பட்டது. அதில் ஒரு வரிக்காக அக்கா தலைவரோடு மோதினார். புள்ளி தெரிந்த முதல் படம் மே 18, அது பார்க்கப்பட்டது ஜூலை 21, தாமதத்துக்குப் பொறுப்பு படம் பார்ப்பவர் என்று எழுத வேண்டும் என்றார். இது கட்டுரை, வாக்குமூலம் இல்லை என்றார் தலைவர். படம் எடுத்த தேதியையும் பார்த்த தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்றார் அக்கா. தேதிகள் இரண்டும் உள்ளே போயின. பொறுப்பு யாருடையது என்ற வார்த்தைகளைத் தலைவர் எடுத்துவிட்டார்.

மாப்பிள்ளையிடம் சொல்வதற்குப் போகும்போது என்னையும் கூட வரச் சொன்னார் அக்கா. தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்றார். அந்த ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை போனோம். அடுக்களையில் மாப்பிள்ளை மாத்திரைப் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார், மருத்துவமனையில் திருப்பிக் கொடுப்பதற்காக. எங்களுக்கு டீ போட்டார். சர்க்கரை டப்பாவில் இன்னும் தங்கையின் கையெழுத்தில் ‘உப்பு’ என்று ஒட்டியிருந்தது. எப்போதோ விளையாட்டுக்கு ஒட்டியது, யாரும் எடுக்கவில்லை.

அக்கா டீயைத் தொடாமல் சொல்லி முடித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை, தன் பக்கம் இழுத்துப் பேசவும் இல்லை.

“எந்தத் தேதி சொன்னீங்க?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“மே பதினெட்டு.”

அவர் உள்ளே போய் நீளமான ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். டிப்போவில் கொடுக்கிற மாதிரி நோட்டு. தங்கை படுத்த நாளிலிருந்து மருந்து, ஜுரம், சாப்பாடு எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். பக்கத்தைப் புரட்டி, நின்றுகொண்டே படித்தார்.

“மே பதினெட்டு. ஏழரை, கஞ்சி அரை டம்ளர். ஒன்பது, ஊசி. பத்தேகால், அக்கா வந்தாங்க. அக்கா மூக்குக் கண்ணாடியத் தலைல வச்சிக்கிட்டே தேடினாங்க, ரெண்டு தடவை சிரிச்சா.”

மறுபடி புரட்டினார். இந்தத் தடவை கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

“ஜூலை ஒண்ணு. ராத்திரி எட்டரை, மெயில் அனுப்பினோம். கஞ்சி வேணாம்னுட்டா. லேப்டாப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டா. பத்து மணி, திரும்பிப் படுத்து அழுதா. வலி மருந்து கூட ஒண்ணு கொடுத்தாங்க.” நோட்டை மூடினார். “வலின்னு நெனச்சேன்” என்றார்.

அக்கா எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீங்க கிளம்புங்கக்கா” என்றார் அவர். சத்தம் போடவில்லை. எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பவும் செய்தார். கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. மூன்று தெரு தள்ளித்தான் வீடு. அக்கா கடைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார்.

நவம்பரில் ஒரு நாள் முற்பகல், டிப்போ உடுப்போடு மாப்பிள்ளை எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். அதைப் பார்க்கலாமா என்று என்னைத்தான் கேட்டார், அக்காவைப் பார்க்காமல். அக்கா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்கார்ந்தார். புள்ளி அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. அக்கா பென்சில் நுனியால் இடத்தைக் காட்டினார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு திரையிடமே பேசுவதுபோலச் சொன்னார்: “போகல, பாக்கலன்னு உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா அவ திட்டியிருப்பா. எழுந்து உக்காந்து திட்டியிருப்பா. அப்புறம் உங்கள ஆட்டோ ஏத்தி அனுப்பியிருப்பா.”

“ஆமா” என்றார் அக்கா.

“கண்டுபிடிச்சிருப்பீங்க.”

“ஆமா மாப்பிள்ள.”

அவர் எழுந்து டிப்போவுக்குக் கிளம்பினார். ஆனால் அவர் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். அடுத்த படத்துக்கும் வந்தார். அவர் வருகிற நாளில் அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைப்பார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் அந்தப் புள்ளி தேய்ந்துகொண்டே போவதைப் பார்ப்பார்கள். ஜனவரிக் கடைசியில் ஒரு படத்தில் அது இல்லை. அக்கா இரண்டு முறை பார்த்துவிட்டு, போயிருச்சு என்றார். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது படம் வந்த அன்றே இரண்டு பேர் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி. இரண்டாவது ஆள் நான். அக்கா வேலையை விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம், விடவில்லை. முன்னைவிட மெதுவாகப் பார்க்கிறார். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிறார், உடம்பு சரியில்லாத நாளில்கூட.

தங்கையின் மின்னஞ்சல் முகவரியை மூடாமல் வைத்திருக்கிறோம். கட்டுரையைப் படித்தவர்கள் அதற்கு எழுதுகிறார்கள், அவற்றுக்குப் பதில் போடுவதும் எங்கள் பொறுப்பு. போன மாதம் தூரத்து ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். படிப்பு முடிகிறதாம். யாருமே நம்பாத ஒரு தேதியை எப்படி அவ்வளவு உறுதியாக நீங்கள் சொன்னீர்கள், உங்களிடம் வந்து வேலை செய்ய இடம் உண்டா என்று தங்கையைக் கேட்டிருந்தாள். இறந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா அதை மூன்று தடவை படித்தார். நீங்களே தட்டுங்க தம்பி, நான் சொல்றேன் என்றார்.

“அவ இப்ப இல்லன்னு போடுங்க.”

போட்டேன்.

“நீ வந்திருந்தா அவ ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பான்னு போடுங்க.”

அதையும் போட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு என் கை போகும்போது அவர் தடுத்தார். அந்த வரியை மறுபடி படித்தார்.

“அத எடுத்துடுங்க” என்றார். “அவ சந்தோஷப்பட்டிருப்பாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ சார்பா நான் இனிமே எதுவும் சொல்ல வேணாம்.”

அழித்தேன். ஒரு வரியும், தலைவரின் முகவரியும் மட்டும் அந்தப் பெண்ணுக்குப் போயின. அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அன்று காலை வந்திருந்த படத்தைத் திறந்தார்.